கேடயமும் சுருள்வாளும்: ஒரு தவளைத் தோல் வரலாறு

எங்க ஊர் திருத்தணில நல்ல மழை பேஞ்சா ராத்திரி முழுக்க தவளைக் கச்சேரிதான். சேத்துத் தண்ணியிலயே கிடக்கிற இதுங்களுக்கு ஏன் புண்ணு சீழ் பிடிக்கிறதில்லை? இதை உருப்படியா யோசிச்ச ஆளு மைக்கேல் ஸாஸ்லாஃப்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல இருந்தார். ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்க நகத்தவளை வயித்தைக் கீறி, முட்டைப்பையை எடுத்து, தைச்சு, திரும்ப அழுக்குத் தொட்டியிலயே விட்டுடுவார். புண்ணு சுத்தமா ஆறிடும். நாமளா இருந்தா அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். (ப்ரோக்ராம் ஓடிட்டா ஏன் ஓடுச்சுன்னு எவன் பார்க்கிறான்?) மனுஷன் விடாம தோலைக் குடைஞ்சார். 23 அமினோ அமிலம் கோத்த ரெண்டு குட்டிப் புரதத் துண்டு சிக்குச்சு. 1987ல வெளியிட்டார். பேரு மகைனின். எபிரேயத்துல 'மாகேன்'னா கேடயம்.

வேலை செய்யுற விதம்தான் அழகு. பாக்டீரியாவோட மேல்சவ்வுல நெகட்டிவ் மின்னூட்டம், மகைனின்ல பாசிட்டிவ். ஓடிப்போய் ஒட்டிக்கும். ஒட்டினதும் சுருண்டு சவ்வுல ஓட்டை போடும். உள்ள இருக்கிறதெல்லாம் கசிஞ்சு ஆளு காலி. நம்ம செல்லோட வெளிப்புறத்துல அந்த நெகட்டிவ் பெருசா இல்லை, கொலஸ்ட்ரால் வேற இருக்கு. அதனால தப்பிக்குது. கொலஸ்ட்ராலும் சில சமயம் நல்லவன்தாங்க :-)

இதுலேர்ந்து பெக்ஸிகனன்னு ஒரு களிம்பு செஞ்சாங்க, சர்க்கரை நோயாளிகளோட கால் புண்ணுக்கு. எனக்கு இந்தக் கதை பிடிபட்டதே அதனாலதான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு காவடியோட 365 படியும் ஏறின எங்க பெரியப்பாவுக்கு அந்தப் புண்ணாலதான் ரெண்டு விரல் போச்சு. ஆனா 1999ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கைவிரிச்சுடுச்சு. ஏற்கெனவே இருக்கிற மாத்திரையை விட இது ஒசத்தின்னு நிரூபணமாகலை. 2016ல இன்னொரு தடவை முயற்சி பண்ணாங்க. வெறும் களிம்பை விட இது மேலுன்னு அப்பவும் காட்ட முடியலை.

அடுத்த வருஷமே நம்ம பக்கத்துத் தவளை ஒண்ணு செய்தியில வந்துச்சு. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, கேரளத் தவளையோட தோல் சுரப்பை அலசினாங்க. 32 பெப்டைடு சோதிச்சதுல நாலு ஃப்ளூ வைரஸை அடக்குச்சு. அதுல ஒண்ணு நம்ம ரத்த அணுவுக்குக் கெடுதல் பண்ணலை. பேரு உருமின். உறுமி மேளம் இல்லீங்க, களரிக்காரங்க சுத்துற உருமி, நம்ம சிலம்பத்துல சுருள்வாள். ஹெச்1 வகை வைரஸோட மேல்முனைப் புரதத்துல, அடிக்கடி மாறாத தண்டுப் பகுதியைப் பிடிச்சு வைரஸையே சிதைச்சிடுது. எலிகளைக் காப்பாத்துச்சு. ஹெச்3 வகைகிட்ட மட்டும் பாச்சா பலிக்கலை.

மருந்துக்கடைக்கு அதுவும் இன்னும் வரலை. இந்த மாதிரித் துண்டுகளை நம்ம உடம்போட நொதிகளே கடிச்சுத் துப்பிடும், அதுதான் பெரிய தலைவலி. பெரியப்பா இப்போ வண்டியில மலையேறிதான் முருகனைப் பார்க்கிறார்.