கோடரியும் அரைகல்லும்

மாந்தர் வரலாற்றை மிகுதியும் மாற்றிய எளிய கருவி யாது என வினவின், அறிஞர் பலர் கோடரி என்பர். சிலர் ஏரின் கொழு என்பர். இரண்டும் கூர்முனை உடையன என்பது நோக்கத்தக்கது. வெட்டுவதும் உழுவதும் கண்முன் நிற்கும் செயல்கள். மரம் வீழ்ந்தால் வெளி தோன்றுகிறது; நிலம் பிளந்தால் சால் தெரிகிறது. அரைத்த மாவோ அன்றே உண்ணப்பட்டு மறைகிறது. ஆதலின் அரைகல் இவ்வழக்கில் பெரும்பாலும் அழைக்கப்படுவதே இல்லை. திருப்பத்தூர்ப் பகுதியின் தொல்பொருட் சான்றுகளை வைத்து நோக்கின், அதற்கே முதலிடம் தரல் வேண்டும் என்பது நம் கருத்து.

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைக் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் எனப் பகுத்து 1836இல் நூல் வெளியிட்டவர், கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தின் தாம்சன். வெட்டுங் கருவிகளும் படைக்கலங்களும் எப்பொருளால் ஆயின என்பதே அப்பகுப்பின் அடிப்படை. 1865இல் ஆங்கில அறிஞர் லப்பக், கற்காலத்தை மேலும் பகுத்துப் புதிய கற்காலம் என ஒன்றை வகுத்தபோதும், மெருகிட்ட கற்கருவியையே அதன் அடையாளமாகக் கொண்டார். காலங்களுக்குப் பெயரிடும் உரிமையையே கூர்முனை பெற்றுவிட்டது. தென்னாட்டிலோ கற்காலத்திற்கும் இரும்புக்காலத்திற்கும் இடையே வெண்கலக்காலம் எனத் தனியே ஒன்றைக் காண்பது அரிது. வேற்று நாட்டுப் பொருட்களுக்கென வகுத்த பெட்டியில் நம் நாட்டுச் சான்றுகளை அடைக்க முயன்றதன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

இனிப் பையம்பள்ளிக்கு வருவோம். திருப்பத்தூரை அடுத்த இவ்வூர், அகழாய்வு நடந்த நாளில் வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2019இல் புதிய மாவட்டம் அமைந்தபின் திருப்பத்தூர் மாவட்டத்ததாயிற்று. இந்தியத் தொல்லியல் துறையினர் 1964-65லும் 1967-68லும் இங்கு அகழ்ந்தனர். கீழடுக்கில் புதிய கற்கால வாழ்வும், அதன்மேல் இரும்பும் கருப்பு-சிவப்பு மட்கலங்களும் வழங்கிய பெருங்கற்கால வாழ்வும் வெளிப்பட்டன. புதிய கற்கால மக்கள் நிலத்தில் குழி தோண்டி, அதன்மேல் கூரை வேய்ந்து வாழ்ந்தனர். அவர்தம் மெருகிட்ட கோடரிகளோடு அரைகற்களும் கிடைத்தன. கரிந்த கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. கோடரியையும் கூலத்தையும் இணைப்பது யாது என்று கேட்டால், நம் வாதம் அங்கேயே தொடங்குகிறது.

கோடரியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. டென்மார்க்கின் திராவெத் காட்டில் 1950களில் ஆய்வாளர் சிலர் பழங் கற்கோடரிகளுக்குப் புதிய காம்பு பூட்டி மரம் வெட்டிப் பார்த்தனர். சிறு மரங்கள் விரைவில் வீழ்ந்தன. எரித்த நிலத்தில் கூலமும் விளைந்தது. சவ்வாது மலைச்சாரலிலும் இவ்வாறே காடு திருத்தியிருப்பர் எனக் கருத இடமுண்டு. ஆயின் அக்கோடரி பிறந்த வகையையும் எண்ணல் வேண்டும். முதலில் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவாக்குவர். பின் கொத்திக் கொத்தி மேடு பள்ளம் நீக்குவர். இறுதியில் மணலும் நீரும் இட்டு மற்றொரு கல்லின்மேல் நெடுநேரம் தேய்ப்பர். பழைய கற்காலக் கோடரிக்கு இறுதியாகக் கூறிய இத்தொழில் இல்லை. புதிய கற்காலக் கோடரிக்கு உண்டு. எனவே லப்பக் அடையாளமாகக் கொண்ட அம்மெருகே அரைத்தற்றொழில் ஈந்த கொடை.

கூலத்தின் செய்தி இன்னும் வலியது. சாமை, தினை, வரகு ஆகியவற்றின் உமி மணியை இறுகப் பற்றியிருப்பது. உமி நீக்காத சாமை மாந்தர்க்கு உணவாகாது. காட்டை எத்துணை அழித்தாலும், எத்துணை விதைத்தாலும், குற்றவும் அரைக்கவும் அறியாதவர்க்கு அவ்விளைவு பறவையின் உணவே. விதைத்த பின்னரே அரைக்கக் கற்றனர் என்று கொள்ளவும் இயலாது. கலிலேயாக் கடற்கரையில், ஏறத்தாழ 23,000 ஆண்டுகட்கு முற்பட்ட குடியிருப்பொன்றின் அரைகல்லில் காட்டு வாற்கோதுமையின் மாவுத்துகள் ஒட்டியிருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அவ்வட்டாரத்தில் உழவு தோன்றியது அதற்குப் பதினாயிரம் ஆண்டுகட்கும் மேலாகப் பின்னரே. கல் முந்தியது, கழனி பிந்தியது.

இக்கருவிக்கு மாந்தர் செலுத்திய விலையும் சிறிதன்று. சிரியா நாட்டில் யூப்ரடீசு ஆற்றங்கரையிலுள்ள அபு உரேயராவில் கிடைத்த எலும்புகளை ஆய்ந்த மோலெசன் அம்மையார், கால் பெருவிரலிலும் முழங்காலிலும் இடுப்பெலும்பை ஒட்டிய முதுகிலும் தேய்வைக் கண்டு, நாள்தோறும் மண்டியிட்டு அரைத்ததே அதன் காரணம் என 1994இல் எழுதினார். அத்தேய்வு பெண்டிர் எலும்புகளிலேயே மிகுதி. கோடரியைப் பற்றிய வரலாறு வீரர் வரலாறாகவும், அரைகல்லைப் பற்றியது எழுதப்படாத வரலாறாகவும் நின்றதன் காரணத்தை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

இரும்பு வந்தபின் எல்லாம் மாறிற்றே என்பர் சிலர். திருப்பத்தூரை அடுத்த கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பழமை கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு அதனினும் முற்பட்ட காலக்கணிப்புகளை 2025இல் வெளியிட்டது. இவை பெருமைக்குரியன; ஐயமில்லை. ஆயின் இரும்பு வந்தபோது கற்கோடரி வழக்கொழிந்தது, அரைகல் ஒழிந்ததில்லை. அம்மியும் திரிகையும் கல்லாகவே இன்றுவரை நின்றன. உலக்கையின் முனையில் பூணாக அமர்ந்ததே அங்கு இரும்பு பெற்ற இடம்.

இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கிறது. பறம்பு மலையைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் ஆகிய நான்கு பயன்களை அம்மலை தரும் என்று புறநானூற்றில் கூறுகிறார். ஏர் இன்றியும் வாழ்வு இயன்றது. ஆயின் அந்நான்கனுள் மூங்கில் நெல் உரலின்றி உணவாகாது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் மகளிர் உலக்கையேந்திப் பாடும் வள்ளைப்பாட்டு இடம்பெற்றுள்ளது. ஐவன நெல்லை ‘அறையுரல்’ என்னும் பாறைக்குழியில் இட்டுக் குற்றும் காட்சி ஆண்டுக் காணப்படுகிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையிலும் வள்ளை உண்டு. சிவன் கையில் மழுவும் முருகன் கையில் வேலும் வழிபாடு பெற்றன. உலக்கையோ ஒரு பாட்டு வகையையே பெற்றெடுத்தது. அரைகல்லின்மேல் உருளும் கல்லுக்குக் குழவி எனப் பெயர் அமைந்ததையும் எண்ணுக. மகவையும் அச்சொல்லாலேயே தமிழர் குறித்தனர்.

இவ்வேற்றுமை இன்றும் தொடர்கிறது. திருப்பத்தூர்ப் பகுதியிலும் சவ்வாது, ஏலகிரி மலைகளிலும் கற்கோடரிகள் மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் வைத்து வழிபடப்பெறுகின்றன. வழிபாட்டால் அவை காக்கப்பட்டன. உடைந்த அரைகல்லுக்கு அப்பேறு இல்லை. அது வரப்பிலும் சுவரிலும் கல்லோடு கல்லாகக் கிடக்கும். கள ஆய்வினர் சிலரும் கையடக்கமான கோடரியைப் பட்டியலிட்டுப் படம் எடுப்பர். சுமக்க அரிய கல்லைக் கடந்து செல்வர். எண்ணிக்கை கொண்டு வரலாறு எழுதும்போது இப்பிழை பன்மடங்காகும்.

அரைகல்லின் பள்ளம் எத்துணை ஆழம், தேய்வு எத்திசை, கல் எவ்வகை எனக் குறித்தல் வேண்டும். மண் ஒட்டிய கல்லைக் களத்திலேயே கழுவிவிடல் ஆகாது. நுண்துளைகளில் தங்கிய மாவுத்துகள் அதனால் போய்விடும். மலையூர்களிலும் இயந்திர ஆலைகள் வந்துவிட்டன. உரலில் சாமை குற்றிய முதுமகளிர் இன்னும் உளர். அவர்தம் சொற்களையும் குற்றும் முறையையும் பாட்டையும் கல்லோடு சேர்த்துத் தொகுத்தல் தமிழ்த்துறையினர்க்கு உரிய பணி. பையம்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து அதனைத் தொடங்கலாம்.