நீரிணையைக் கடக்கும் கோப்புகள்

1990 ஜூலையில் சீனாவின் ஃபூஜியன் கரையில் ஒதுங்கிய ஒரு மீன்பிடிப் படகின் அடித்தட்டைத் திறந்தபோது, உள்ளே 25 பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். பிழைப்புத் தேடி அனுமதியின்றித் தைவானுக்குள் நுழைந்து பிடிபட்டவர்கள் அவர்கள். தைவான் படையினர் அவர்களைப் படகின் அறைக்குள் அடைத்து, மேலே பலகை வைத்து மூடித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் இதே போலத் திருப்பி அனுப்பப்பட்ட இன்னொரு படகு தைவான் கடற்படைக் கப்பலோடு மோதி உடைந்தது. அதில் 21 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

இத்தனை உயிர்கள் போன பிறகும் இரண்டு அரசுகளும் நேராகப் பேசிக்கொள்ள வழியில்லை. தைவானைத் தன் மாகாணம் என்கிறது பெய்ஜிங். தைப்பேயில் இருக்கும் அரசோ 1912இல் பிறந்த சீனக் குடியரசின் தொடர்ச்சி. பெய்ஜிங் அரசை அது ஏற்றதில்லை. கடைசியில் செஞ்சிலுவைச் சங்கங்கள்தான் முன்வந்தன. அந்த செப்டம்பரில் தைவான் வசமுள்ள கின்மென் தீவில் இரு சங்கத்தாரும் கூடி, பிடிபட்டவர்களைக் கடல்வழியே பத்திரமாக ஒப்படைக்கும் முறை குறித்து உடன்பாடு கண்டார்கள். 1958 ஆகஸ்டில் தொடங்கி 44 நாட்களில் நாலரை லட்சத்துக்கும் அதிகமான குண்டுகள் விழுந்த தீவு அது.

செஞ்சிலுவைச் சங்கத்தை நம்பியே ஒரு நாட்டை நடத்த முடியாது. தைவானில் 38 ஆண்டுகள் நீடித்த இராணுவச் சட்டம் 1987 ஜூலையிலேயே நீங்கியிருந்தது; உறவினரைப் பார்க்கச் சீனா செல்ல அந்த நவம்பரில் அனுமதி கிடைத்தது. 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்றுத் தீவுக்கு வந்தவர்கள் 12 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் ஏராளமான படைவீரர்கள் தாய், தந்தை, மனைவி, மக்களை அக்கரையிலேயே விட்டு வந்தவர்கள். நாற்பது ஆண்டு கழித்து ஹாங்காங் வழியாக ஊர் திரும்பிய அந்தக் கிழவர்களோடு கேள்விகளும் புறப்பட்டன. அங்கே ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்றால் எந்தத் திருமணம் செல்லும்? தைவானில் இறந்தவரின் வீடு அக்கரை மகனுக்குச் சேருமா? அவன் மகன்தான் என்று யார் சான்று சொல்வது?

இந்தக் கேள்விகளுக்காகவே 1991 ஜனவரியில் தைவான் அமைச்சரவையின் கீழ்ப் பெருநில (அதாவது அக்கரைச் சீன) விவகார மன்றம் முறைப்படி அமைந்தது. வெளியுறவு அமைச்சகத்திடம் இப்பணியைக் கொடுத்தால் அக்கரையை அயல்நாடென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்துறையிடம் கொடுத்தால் இல்லாத ஆட்சியை இருப்பதாகச் சொல்வதாகும். அதனால்தான் தனி மன்றம். அப்போதும் அரசு அதிகாரி அக்கரை அதிகாரியோடு மேசையில் அமர முடியாது என்பதால், நீரிணைப் பரிமாற்ற அறக்கட்டளை என்ற தனியார் வடிவ அமைப்புக்கு மன்றம் அதிகாரம் அளித்தது. 1991 டிசம்பரில் பெய்ஜிங்கும் அதற்கு இணையாகத் தைவான் நீரிணை உறவுகள் சங்கத்தை நிறுவியது.

இரு கரை மக்களின் உறவுகளுக்காகத் தைவானில் 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ‘நாடு’ என்ற சொல்லால் இரு தரப்பையும் பிரிக்கவில்லை. ‘தைவான் பகுதி’, ‘பெருநிலப் பகுதி’ என்று மட்டும் பிரித்தது. அக்கரையிலிருந்து வருபவர் சட்டப்படி அயல்நாட்டவர் அல்லர். அவருக்குக் கிடைப்பது நுழைவு அனுமதிச் சீட்டு. தைவானியருக்குப் பெய்ஜிங்கும் அப்படி ஒரு தனிச் சீட்டைத்தான் தருகிறது. வாரிசுரிமையில் சட்டம் கடுமையானது. அக்கரை வாரிசு மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெறும் பங்கு 20 லட்சம் தைவான் டாலரைத் தாண்டக் கூடாது. வாழ்க்கைத் துணைக்கு இந்த வரம்பு 2009இல்தான் நீங்கியது.

1993 ஏப்ரலில் அறக்கட்டளை, சங்கம் ஆகிய இரு அமைப்புகளின் தலைவர்களும் சிங்கப்பூரில் சந்தித்தார்கள். தைவான் தரப்பில் சிமென்ட் தொழிலதிபர் கூ சென்-ஃபூ, சீனத் தரப்பில் ஷாங்காயின் முன்னாள் மேயர் வாங் தாவோஹான். இருவரும் பெய்ஜிங் இசைநாடக ரசிகர்கள். உலகப் பத்திரிகைகள் வரலாற்றுச் சந்திப்பு என்று எழுதின. கையெழுத்தானவற்றில் ஒன்று பதிவு அஞ்சல் தொலைந்தால் இழப்பீடு பற்றியது. இன்னொன்று நோட்டரி சான்றிதழ்களைச் சரிபார்ப்பது பற்றியது. அலுப்பூட்டும் தாள்கள் என்று அவற்றை ஒதுக்குவது பெரும் பிழை. சீனாவில் ஒருவர் பிறப்பு, திருமண அல்லது உறவுச் சான்றை நோட்டரியிடம் பெற்றால், அதன் பிரதி தனியாக நீரிணை கடந்து அறக்கட்டளைக்கு வரும். அவர் கொண்டுவரும் தாளும் அந்தப் பிரதியும் ஒத்திருந்தால் போதும். யார் அரசு, யார் மாகாணம் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. மகன் மகனாகிவிடுகிறான்.

அரசியல் பேச்சு இந்தத் தாள்களைப் போல நிலையாக நடந்ததில்லை. 1999இல் அதிபர் லீ தெங்-ஹுய் இரு தரப்பு உறவை நாட்டுக்கு நாடு என்ற தனித்தன்மை வாய்ந்த உறவென்றதும் வாங் தாவோஹானின் தைவான் பயணம் நின்றது. இரு அமைப்புகளின் தலைவர்கள் மீண்டும் பேசவே 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்றத் தலைவர் வாங் யூ-சி 2014 பிப்ரவரியில் நான்ஜிங்கில் சீனாவின் தைவான் விவகார அலுவலகத் தலைவர் ஜாங் ஜிஜுனைச் சந்தித்ததே இரு தரப்பு உறவுகளைக் கவனிக்கும் அரசுத் தலைமை அதிகாரிகளின் முதல் முறையான சந்திப்பு. 2000 முதல் 2004 வரை மன்றத் தலைவராக இருந்த சாய் இங்-வென் 2016இல் அதிபரானபோது, ஒரே சீனம் என்ற நிலைப்பாட்டை அவர் ஏற்கவில்லை எனச் சொல்லிப் பெய்ஜிங் தொடர்பை நிறுத்தியது. நோட்டரிப் பிரதிகள் மட்டும் நிற்கவில்லை.

2018 ஆகஸ்டில் குடிநீர்ப் பற்றாக்குறையுள்ள கின்மெனுக்கு ஃபூஜியனிலிருந்து கடலடிக் குழாய்வழி நீர் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் தைச்சுங் நகரில் நடக்கவிருந்த கிழக்காசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி சீனாவின் அழுத்தத்தால் பறிபோயிருந்தது. குழாய்த் திறப்பு விழாவைத் தள்ளிவைக்க மன்றம் கேட்டது. நீரை நிறுத்தச் சொல்லவில்லை. கின்மென் நிர்வாகம் விழாவையும் நடத்தியது. மத்திய அரசு முகம் சுளித்தாலும் மக்களின் தாகம்தான் பெரிதென்று தீவு நினைத்தது. விழாவையும் நீரையும் பிரித்துப் பார்த்த மன்றமும் பாராட்டுக்குரியதே.

எல்லா இடத்திலும் இந்த நிதானம் இருப்பதில்லை. தைவானில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான சீன வாழ்க்கைத் துணைகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். தைவான் அடையாள அட்டை பெற அவர்களுக்குக் குறைந்தது ஆறு ஆண்டு. பிற நாட்டுத் துணைக்குப் பொதுவாக நான்கு. சீனக் குடும்பப் பதிவைக் கைவிட்ட சான்றைச் சமர்ப்பிக்குமாறு 2025இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிவிப்பு போனது. பல்லாண்டுகளுக்கு முன்பு வந்து, பேரன் பேத்தி எடுத்த பெண்களும் அதில் இருந்தார்கள். பிறந்த ஊருக்குப் போய்ப் பதிவை நீக்கி, நோட்டரிச் சான்று வாங்கி, அதன் பிரதி அறக்கட்டளைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நோய், முதுமை போன்ற காரணங்களுக்கு மன்றம் விலக்கு அளித்தது. ஆனால் பல்லாண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் பெண்ணின் மீது ஐயத்தை மறுபடி எழுப்பும் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு, விலக்கைப் பின்னால் அறிவிப்பது முறையான வரிசை அன்று. கடிதம் போகும் முன்பே விலக்குப் பட்டியல் தயாராக இருந்திருக்க வேண்டும்.