குரவையும் குடிபெயர்ந்த மகளிரும்

ஊர் பெயர்ந்த பெண்டிரோடு கூடிக் கலை ஆக்குதல் இற்றைநாளில் புதுமுயற்சியாகப் பேசப்படுகின்றது. இதற்குத் தமிழில் மிகப் பழைய சான்று ஒன்றுண்டு. அச்சான்றாகிய சிலப்பதிகாரத்தைக் கொண்டு சென்னையிலுள்ள கண்ணகி நகரை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

புகாரினின்று பெயர்ந்த கண்ணகி மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் அடைக்கலமாக இருந்தாள். பால் உறையாமை, வெண்ணெய் உருகாமை முதலிய தீக்குறிகளைக் கண்ட மாதரி, கண்ணகியும் காணக் குரவை ஆடுவோம் என்றாள். மகளிர் எழுவர்க்கும் குரல், துத்தம் முதலாக ஏழிசையின் பெயரிட்டு நிறுத்தினாள். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அவ்வட்டத்தில் கண்ணகிக்கு இடமில்லை. அவள் காண்பவள் மட்டுமே. ஆடலின் நோக்கமும் கறவை கன்றுகளின் துயர் நீங்குதலே. இதனால் மாதரியின் அன்பைக் குறை கூறுவார் இலர். அடைக்கலம் இழந்த துயரால் பின்னர்த் தீப்புக்கவள் அவள்.

குன்றக்குரவையில் கண்ணகி பாடுபொருள் ஆகின்றாள். வேங்கை நிழலில் நின்றவள் விண்ணேறக் கண்ட குறவர் மகளிர் அவளைத் தெய்வமாகக் கொண்டு ஆடுகின்றனர். அவள் அங்கில்லை.

வாழ்த்துக்காதையில்தான் நிலை மாறுகின்றது. தேவந்தியும் காவற்பெண்டும் அடித்தோழியும் புகாரினின்று புறப்படுகின்றனர். மதுரையில் மாதரியின் மகள் ஐயையைச் சேர்த்துக்கொண்டு, வையைக் கரைவழிச் சென்று, மலையேறிச் சேரநாடு அடைகின்றனர். நால்வரும் ஊர் பெயர்ந்தவர்களே. புகார் மகளிர் மூவரும் தத்தம் இழப்பை முறையே சொல்லி அரற்றுகின்றனர். அதன்பின் கண்ணகியே தோன்றிப் பேசுகின்றாள். தான் எரித்த நகரின் வேந்தனைத் தீதிலன் என்கின்றாள். தன்னை அவன் மகள் என்கின்றாள். தோழியர் அனைவரையும் தன் குன்றத்து விளையாட்டிற்கு அழைக்கின்றாள். வஞ்சி மகளிரின் அம்மானையும் கந்துகவரியும் ஊசல்வரியும் வள்ளைப்பாட்டும் இவ்வழைப்பின் பின்னரே எழுகின்றன. வள்ளை உலக்கை பிடித்த கையினரின் தொழிற்பாட்டு என்பதும் மறக்கற்பாலதன்று. காண்பவள், பாடப்படுபவள், அழைப்பவள் என்னும் இம்மூன்று நிலைகளும் ஒன்றல்ல.

சென்னைக் கடற்கரையில் 1968இல் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பெற்று 2006இல் மீண்டும் நிறுவப்பெற்றது. சிலைக்கும் இடப்பெயர்ச்சி நேர்ந்தது போலும்! 2000ஆம் ஆண்டு முதல், ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் தென்கோடியில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியேற்றப்பட்டன. அக்குடியிருப்பிற்கும் கண்ணகியின் பெயரே இடப்பட்டது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்னும் கலை அறக்கட்டளையின் முயற்சியால் அங்குள்ள சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. வெளியாரும் விரும்பிச் சென்று காண்பதாயிற்று. இது நன்றே. ஆயினும் தீட்டினோர் பெரும்பாலும் பிற இடங்களினின்று வந்த ஓவியர். அங்கு வாழும் மகளிர் காண்பவராகவும் தீட்டப்படுபவராகவும் உள்ளனர். வாழ்த்துக்காதையின் நிலை இன்னும் எய்தப்பட்டதாக யாம் கருதவில்லை.

அவர்தம் கைக்குக் கலை புதிதன்று. மயிலாப்பூர், அடையாறு, தியாகராயநகர் இல்லங்களில் வேலை பார்ப்பதற்காக விடியலில் பேருந்து ஏறுவோர் அவருள் உளர். அங்கே பிறர் வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்து, அவர்கள் நாள்தோறும் கோலம் இடுகின்றனர்.