குற்றவாளியாக்கப்பட்ட செடி: ஒரு துருநோயின் வரலாறு

நோய்களுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் ஒரு வில்லனைத் தேடுகிறார்கள். எங்கிருந்து வந்தது, எந்த நாட்டான் கொண்டுவந்தான், யார் வீட்டில் ஒளிந்திருந்தது - இந்த மூணு கேள்வியோடு கதை முடிஞ்சுபோகும். எதை, யாருடைய லாபத்துக்காக வெட்டினார்கள், எதை லட்சக்கணக்கில் ஊன்றினார்கள் என்கிற கேள்வி மட்டும் வராது. வட அமெரிக்க வெள்ளை பைன்களைத் தாக்கிய கொப்புளத் துருநோயின் வரலாற்றை இந்த விடுபட்ட கேள்வியிலிருந்து வாசிக்க முயல்கிறேன்.

துருநோய் என்றதும் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் ஞாபகம் வரலாம். 1869இல் அங்கே கண்டறியப்பட்டு, காப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம்விட்டது ஒரு துருப்பூஞ்சை. அதற்குத் தூரத்து உறவு குரோனார்ட்டியம் என்கிற பேரினம். இதில் ஓர் இனம், கொத்துக்கு ஐந்து ஊசியுள்ள பைன்களைப் பிடிக்கிறது. ஊசியிலையின் துளை வழியே நுழைந்து, மெல்லப் பட்டைக்குள் இறங்கி, சில ஆண்டுகள் கழித்து ஆரஞ்சுக் கொப்புளமாக வெடிக்கும். ஆனால் அந்த ஸ்போர் இன்னொரு பைனைத் தொற்றாது. பிளாக்கரன்ட், கூஸ்பெரி முதலான ரைபீஸ் செடிகளின் இலைக்குப் போய், அங்கே பெருகி, வேறு வகை ஸ்போராக மாறித்தான் பைனுக்குத் திரும்பமுடியும். ரெண்டு வீடு இல்லாமல் பிழைப்பு இல்லை.

பெயரிடுதலிலேயே ஒரு அரசியல் தொடங்கிவிடுகிறது. 1850களில் பால்டிக் பகுதியில் ரைபீஸ் இலையில் இது முதலில் பதிவாகிறது. பைனில் காணப்பட்டது தனிப் பூஞ்சையாக வேறொரு பெயரில் இருந்தது. 1888இல் ஜெர்மானியரான கிளேபான் இரண்டும் ஒன்றே என்று காட்டினார். நிலைத்த பெயர் குரோனார்ட்டியம் ரிபிகோலா, அதாவது ரைபீஸில் குடியிருப்பது. சாவது பைன், பழி ஏறிய முகவரி ரைபீஸ்.

சரி, அமெரிக்காவுக்கு எப்படிப் போச்சு? கிழக்கு வெள்ளை பைன் அமெரிக்க மண்ணின் மரம். காலனிய காலத்தில் பிரிட்டிஷ் அரசு தன் கடற்படைப் பாய்மரங்களுக்காக நெடிய பைன்களில் அம்புக்குறி வெட்டி ஒதுக்கிக்கொண்டது. 1772இல் நியூ ஹாம்ஷயரில் இதை எதிர்த்துக் கலகமே நடந்தது. அதே மரத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்த் தோட்டங்களில் வளர்த்தார்கள். அங்கே கிழக்கிலிருந்து பரவிய துரு அதைப் பிடித்தது. இதற்கிடையே அமெரிக்க மரமுதலாளிகள் மெயினில் தொடங்கி மிச்சிகன், விஸ்கான்சின் வரை பைன் காடுகளை வெட்டித் தீர்த்திருந்தார்கள். வெட்டின இடத்தில் திரும்ப நட நாற்று வேண்டும். ஐரோப்பிய நாற்றுப் பண்ணைகளில் அது மலிவு. ஆக, அமெரிக்க மரத்தின் பிள்ளைகளே ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கப்பலேறித் தாய்மண்ணுக்கு வந்தன, துருவோடு.

1906இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் ரைபீஸில் நோய் தென்பட்டது. 1909இல் ஜெர்மானிய நாற்றுகளில் கண்டுபிடித்தார்கள். மேற்குக் கரையில், 1910இல் வான்கூவருக்கு வந்த பிரெஞ்சு நாற்றுகளில் இருந்தது 1921இல்தான் தெரிந்தது. இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாற்று வியாபாரிகள் எதிர்த்து இழுத்தடித்தார்கள். 1912இல் சட்டம் வந்தபோது பூஞ்சை இரு கரையிலும் இறங்கியிருந்தது.

வியாபாரத்தைத் தண்டிக்க முடியாது. அப்ப யாரைத் தண்டிப்பது? கை போனது ரைபீஸ் மேல். இதில் அறிவியல் இல்லாமலில்லை. பைனிலிருந்து கிளம்பும் ஸ்போர் காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ரைபீஸிலிருந்து திரும்புவது நோஞ்சான், பெரும்பாலும் சில நூறு மீட்டரோடு சரி. ஆகவே பைனைச் சுற்றியுள்ள ரைபீஸைப் பிடுங்கு என்றார்கள். அரசு ஆவணங்களில் இதற்குப் பெயர் 'ரைபீஸ் ஒழிப்பு'. தோட்டத்தில் வளர்த்ததோடு, அந்த மண்ணுக்கே உரிய, பழங்குடிகள் பழம் பறித்துண்ட காட்டு ரைபீஸ்களும் ஒழிக்கப்படவேண்டியவை ஆயின.

பிடுங்கியது யார்? பொருளாதார நெருக்கடியில் வேலையில்லாத இளைஞர்கள். 1933இல் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய பணிப்படையில் மாதச் சம்பளம் 30 டாலர்; அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வரிசை கட்டி மலைச்சரிவில் ஏறிச் செடி செடியாகப் புடுங்கினார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் பின் 2,4-டி, 2,4,5-டி களைக்கொல்லிகளைத் தெளித்தார்கள். இவ்விரண்டின் கலவைதான் பின்னர் வியட்நாம் காடுகள்மேல் கொட்டப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச்.

கிழக்கில் ஓரளவு பலன் கிடைத்தது. மேற்கின் செங்குத்துச் சரிவுகளில் நடக்கவில்லை. ரைபீஸ் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். காடு எரிந்தாலோ மண்ணைக் கிளறினாலோ முளைக்கும். 1960களின் இறுதியில் மேற்கில் ஒழிப்பு கைவிடப்பட்டது. பிளாக்கரன்ட் மீதான மத்திய அரசின் தடை 1966இல் விலகியது. நியூயார்க் மாநிலம் 2003இல்தான் தளர்த்தியது. வட அமெரிக்காவில் பெடிகுலாரிஸ், காஸ்டிலேயா என்னும் காட்டுப்பூச் செடிகளிலும் இந்தப் பூஞ்சை குடியிருப்பதாக 2006இல் உறுதிப்பட்டது. அரை நூற்றாண்டு வேட்டையில் யாரும் அவற்றைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை!

இன்னொரு பாதையும் இருந்தது. எல்லாம் செத்த காட்டில் சாகாமல் நின்ற மரங்களைத் தேடி, அவற்றின் விதையிலிருந்து எதிர்ப்புள்ள நாற்றுகளை வளர்க்கும் வேலை 1950இல் இடாஹோவில் தொடங்கியது. ஆனால் அது அறுவைமில்லுக்குப் பயன்பட்ட பைனுக்காக. மரக்கடையில் விலைபோகாத, மலையுச்சியில் வாழும் வெண்பட்டைப் பைன் வெகுகாலம் கணக்கில் பின்தள்ளப்பட்டிருந்தது. கிளார்க் நட்கிராக்கர் பறவை புதைத்துவைக்கும் விதையில் முளைப்பது அது. கிரிஸ்லி கரடிக்கும் அந்த விதை தீனி. துரு, பட்டைவண்டு, தீ, வெப்பமாதல் எல்லாம் சேர்ந்து அதை அழிக்க, கனடா 2012இல் அழியும் இனமாகவும், அமெரிக்கா 2022 டிசம்பரில் ஆபத்திலுள்ள இனமாகவும் அறிவித்தன.

மொன்டானாவில் சாலிஷ், கூட்டெனாய் பழங்குடிகள் தங்கள் நிலத்தில் இந்தப் பைனை மீட்க, எதிர்ப்புள்ள மரங்களின் விதையெடுத்து நாற்று நடுகிறார்கள். அந்த விதை அவர்களுக்கு உணவாகவும் இருந்தது. நாற்று கணிசமாகக் காய்க்க அறுபது, எண்பது வருஷம் ஆகும். மலிவு நாற்றில் மிச்சம் பிடித்த காசும் அந்த எண்பது வருஷக் காத்திருப்பும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் யார் பெயர் இருந்தது என்று கேட்காத சூழலியல் வரலாறு, அடுத்த நோய் வரும்போது பிடுங்குவதற்கு இன்னொரு செடியைத்தான் காட்டிக்கொடுக்கும்.