கலைச்சொல்லும் இடைநிலைச் சொல்லும்: இரண்டாம் மொழி மாணவருக்கான ஆங்கிலச் சொற்பட்டியல்களில் பள்ளி அறிவியல்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவர் அறிவியல் பாடநூலில் இடர்ப்படுவது கலைச்சொற்களிலா, அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பொதுச்சொற்களிலா? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடை கலைச்சொற்களின் பக்கமே சாய்ந்திருந்தது. அச்சாய்வு உருவானதையும் பின்னர் ஐயத்திற்கு உள்ளானதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எட்வர்ட் தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட பத்தாயிரம் சொற்களின் பட்டியல் அமெரிக்க ஆசிரியர்களுக்கானது. சொற்களின் பயில்வு அளவை அயல்மொழி மாணவரின் பாடநூலாக்கத்திற்குப் பயன்படுத்தியோருள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய அவர், வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். வங்காள மாணவர்க்கு ஆங்கிலம் முதன்மையாகத் தேவைப்படுவது பேசுதற்கன்று, படித்தற்கே. அறிவியல், தொழில்நுட்பச் செய்திகளைத் தரும் நூல்கள் தாய்மொழியில் போதாமையே அதற்குக் காரணம் என்பது அவர் வாதம். அந்நூல்களை வங்க மொழியிலேயே ஆக்குவதற்குக் குடியேற்ற அரசு எவ்வளவு முயன்றது என்பது தனியே கேட்கப்பட வேண்டிய வினா. அருகிய சொற்களை நீக்கிப் பழகிய சொற்களைப் பெய்தும், புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் பரப்பியும் அவர் வாசகங்களை அமைத்தார். எனினும் ஆங்கிலத்தின் தேவைக்கு அறிவியலைச் சான்று காட்டியவரின் வாசகங்களில் கதைகளே மேலோங்கி நின்றன.

ஆக்டன் 1930இல் முன்வைத்த அடிப்படை ஆங்கிலம் 850 சொற்களைக் கொண்டது. அறிவியலுக்கெனப் பொதுவாக 100 சொற்களும் தனித்துறை ஒவ்வொன்றுக்கும் 50 சொற்களும் அதனோடு சேர்க்கப்பட்டன. வெஸ்ட் 1953இல் பதிப்பித்த ஏறத்தாழ 2,000 சொற்களின் பொதுப் பட்டியலிலும் அறிவியல் எழுத்துக்குரிய சொற்கள் பிற்சேர்க்கையாகவே இடம்பெற்றன. இரு திட்டங்களுக்கும் இடையே கடும் கருத்து மாறுபாடு இருந்தபோதிலும், பொதுச்சொல் ஒருபுறம், அறிவியற்சொல் மறுபுறம் என்ற பகுப்பில் இரண்டும் ஒன்றுபட்டன.

இப்பகுப்பில் நழுவிப்போனவை இடைநிலைச் சொற்கள். 'பவர்' என்னும் சொல் எந்தத் தொடக்கநிலைப் பட்டியலிலும் அடங்கத்தக்கது. நாள்வழக்கில் அது அதிகாரம், இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. கணக்கின் தீர்வையும் உப்பின் கரைசலையும் தமிழ் இரு சொற்களால் பிரித்துணர்த்த, ஆங்கிலம் இரண்டையும் 'சொல்யூஷன்' என்றே சுட்டுகிறது. தமிழ்ப் பேச்சு வழக்கில் விலையைக் குறித்து நிலைத்துவிட்ட 'ரேட்' என்னும் சொல்லை வினைவேகப் பாடத்தில் எதிர்கொள்ளும் மாணவர்க்கு அச்சொல் புதியதன்று, அதுவே இடர். அறியாத சொல்லாயின் அகராதியைப் புரட்டுவார். அறிந்ததாக எண்ணும் சொல்லை எவரும் தேடுவதில்லை. வெஸ்டின் பட்டியல் ஒரு சொல்லின் பல்வேறு பொருள்கள் பயிலும் விழுக்காட்டைத் தனித்தனியே தந்தது உண்மையில் பெரிய முன்னேற்றம். ஆயினும் பொது எழுத்தில் மிகுதியாக வரும் பொருளே முதற்பொருள் என்று கொள்ளும்போது, அறிவியற்பொருள் பின்தள்ளப்படும் வாய்ப்பு அதிகம்.

ஆஸ்திரேலியாவில் பால் கார்ட்னர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கலைச்சொல்லல்லாத சொற்களை மட்டும் எடுத்துப் பள்ளி மாணவரிடம் சோதித்தது. பிரிட்டனில் காசல்ஸ், ஜான்ஸ்டன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வும் அவ்வழியினதே. புறக்கணிக்கத்தக்க அளவு என்று பொருள்படும் 'நெக்லிஜிபிள்' என்னும் சொல்லுக்கு 'மிகுதி' என நேர் எதிர்ப்பொருள் கொண்ட மாணவர்களும் இருந்தனர். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள நாடுகளில் இந்நிலை எனில், இரண்டாம் மொழியாகக் கற்போரின் சுமையை ஊகிக்கலாம். பாப்புவா நியூ கினி மாணவரிடையே பின்னர் நடந்த ஆய்வுகளும் இச்சிக்கலை உறுதிப்படுத்தின.

இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் சான்று கிடைத்தது. சிங்கப்பூரில் லின், ஈரானில் கதெஸ்ஸி ஆகியோர் சொற்களை எண்ணுவதை விடுத்து, பல்கலைக்கழக மாணவர் தம் பாடநூலில் எச்சொற்களின்மேல் தாய்மொழிப் பொருளை எழுதிவைத்திருந்தனர் என்று தொகுத்தனர். அவ்வாறு குறிக்கப்பட்டவற்றுள் துறைக் கலைச்சொற்களைவிடப் பல துறைகளுக்கும் பொதுவான சொற்களே சிக்கல் தந்தன. கலைச்சொல்லை ஆசிரியர் வகுப்பில் விளக்கிவிடுகிறார், பாடநூலும் வரையறுத்துவிடுகிறது. எஞ்சிய சொற்களுக்குப் பொறுப்பேற்பவர் இலர். ஆங்கில ஆசிரியர் அவற்றை அறிவியலுக்குரியவை என்கிறார். அறிவியல் ஆசிரியரோ ஆங்கிலத்திற்குரியவை என்கிறார்.

தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழிக் கல்லூரியில் சேரும் மாணவர்க்குப் பாடநூலின் இறுதியிலுள்ள இருமொழிக் கலைச்சொல் பட்டியல் 'திசைவேகம்' என்பதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தருகிறது. அத்திசைவேகம் 'கான்ஸ்டன்ட்' ஆக இருப்பதாகக் 'கொள்க' என்று தொடங்கும் கணக்கின் எஞ்சிய சொற்களுக்கு அப்பட்டியலில் இடமில்லை.