இராவணன் கேளாது விட்ட வரம்

பழைய வடாற்காட்டு மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைதோறும் நிகழும் பாரத விழாவைக் கண்டவர்களுக்குப் படுகளத்தை விளக்க வேண்டியதில்லை. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள் நடைபெறும் விழாவின் இறுதியில், ஊர்வெளியில் மல்லாந்து கிடக்கும் பேருருவாகத் துரியோதனன் மண்ணால் வனையப்படுகிறான். வீமன் வேடம் பூண்ட கலைஞர் கதாயுதத்துடன் அவ்வுருவைச் சுற்றி வருகிறார். வேறெங்கு அடித்தாலும் பயனில்லை, தொடையில்தான் அடிக்க வேண்டும் என்பது அங்கே கூடியிருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இதனை நான் நினைத்துப் பார்க்கும்படி செய்தவர் நாட்றம்பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர். பெங்களூரில் பணிபுரியும் தம் தமையனாருடையது என்று சொல்லித் தடித்த ஆங்கில நூல் ஒன்றை ஒரு நாள் என் மேசைமேல் வைத்தார். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் அரக்கர் தொகுதி அது. "ஐயா, இதில் ராட்சசன் என்று ஒருவன் இருக்கிறான். புலித்தலை வைத்திருக்கிறான். இவன் நம்முடைய ராட்சசன்தானா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்தது இது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகிப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்துகின்றனர். எதிர்ப்படும் அரக்கனுக்கு இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று கணக்குண்டு. ஒவ்வோர் அடிக்கும் அவை குறையும். ஆனால் எல்லா அடியும் ஒன்றுபோல் குறைப்பதில்லை. சிலவற்றிடம் நெருப்பின் தாக்கம் பாதியாகும். சிலவற்றிடம் வாள் சிறிதும் பலிக்காது. சிலவற்றிடம் குறிப்பிட்ட ஓர் ஆயுதம் இருமடங்கு தாக்கும். கூத்து மொழியில் சொல்வதாயின், ஒவ்வோர் அரக்கனும் தான் வாங்கி வந்த வரத்தோடு மேடையேறுகிறான்.

தொடக்கத்திலேயே இவ்வழக்கம் வந்துவிட்டது. 1974ஆம் ஆண்டின் முதல் விதிநூலிலேயே சில பேய் வகைகளைச் சாதாரண ஆயுதம் தீண்டாது. மந்திர ஆயுதம் வேண்டும். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி ஆயுதம் என்னும் ஐரோப்பியக் கதைமரபின் சாயல் இதில் தெரிகிறது. 1977இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' தொகுதியில் ராட்சசன் இடம்பெற்றான். முதலில் இந்தியாவில் அறியப்பட்டவன் என்றே அந்நூல் அவனை அறிமுகப்படுத்துகிறது. சாதாரண ஆயுதம் அவனை ஒன்றும் செய்யாது. மந்திர ஆயுதத்திலும் எளியவை பாதியளவே தாக்கும். பெரும்பாலான மந்திரங்கள் பலிக்கமாட்டா. ஆனால் ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் அக்கணமே மாள்வான்.

குறுக்குவில் நம் இதிகாசங்களில் எங்கே வருகிறது என்று வியப்புறுவோம். வரவில்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்' தொடரின் ஒரு பகுதியில், பார்ப்பவர் நம்பும் ஒருவரின் உருவில் தோன்றிக் கொல்லும் ராட்சசன் வருகிறான். அவனை வீழ்த்துவது ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு. விளையாட்டின் ராட்சசனும் நம்பத்தகுந்தவரின் உருவில்தான் தோன்றுகிறான். ஆக, இவன் வால்மீகியிடமிருந்தோ கம்பனிடமிருந்தோ நேராகச் சென்றவன் அல்லன். தொலைக்காட்சி வழியாகச் சென்றவன். இத்தகைய பயணங்கள் கதைகளுக்குப் புதியன அல்ல என்பதால் இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் விட்டுச் சென்றது எது என்பதே என் கவலை.

நம் கதைகளில் வரத்துக்கு மூவகைப் பூட்டுகள் உண்டு. முதலாவது இடம். வியாசபாரதத்து வன பருவத்தின்படி துரியோதனனின் மேலுடல் சிவனால் வயிரமாகவும், கீழுடல் தேவியால் மலராகவும் ஆக்கப்பட்டது. மக்கள் வழக்கில் இதுவே காந்தாரி தன் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்த கதையாக வழங்குகிறது. இரண்டாவது நிலைமை. இரணியன் பகலிலும் இரவிலும், அகத்தும் புறத்தும், மண்ணிலும் விண்ணிலும், மனிதனாலும் விலங்காலும் சாவில்லாத வரம் பெற்றான். எல்லாவற்றுக்கும் இடையே இருந்த இடுக்கில் நரசிங்கம் வந்தது. மூன்றாவது ஆள். இராவணன் தேவர், இயக்கர், நாகர், தானவர் முதலியோரால் தனக்குச் சாவு வரலாகாது என்று கேட்டான். மனிதரைக் கேட்கவில்லை. மறதியால் விட்டதன்று, அவர்கள் தனக்குப் புல்லுக்கு நிகர் என்று கருதியே விட்டான்.

ஒரு குறிப்பு இங்கே சேர்க்கத்தக்கது. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் யுத்த காண்டத்தில் வைத்து, அதை வீடணன் வாயால் இராவணனுக்கே சொல்ல வைக்கிறான். நிறைந்த பட்டியல் என்று நம்பி அழிந்தவனின் கதை, குறைந்த பட்டியலோடு அமர்ந்திருப்பவனுக்குச் சொல்லப்படுகிறது. கேட்டவன் திருந்தவில்லை.

இப்போது மேசைமேல் கிடந்த நூலுக்கு வருவோம். இதிகாசத்து அரக்கர்கோன் சாதாரண மனிதனுக்கு மட்டுமே திறந்த கதவு. 1977இன் ராட்சசனோ சாதாரண மனிதனின் வாளுக்கு முற்றிலும் மூடிய கதவு. வானரர்கள் கல்லும் மரமும் கொண்டு அரக்கர் படையை எதிர்த்தனர். அப்படை 1977இன் விதிப்படி இந்த ராட்சசன்மேல் எறிந்த கல் அத்தனையும் வீண். அரக்கனின் பெயர் கடல் கடந்தது. அவன் செய்த பிழை கடக்கவில்லை.

இராமன் எய்ததும் பிரமாத்திரமாயிற்றே, அதுவும் மந்திர ஆயுதம்தானே என்று நண்பர்கள் மறுக்கலாம். உண்மை. ஆயினும் அவ்வரம் ஆயுதத்தின் பெயரைச் சொல்லித் தடுத்த வரமன்று. ஆளின் குலத்தைச் சொல்லித் தடுத்த வரம். தெய்வப் படைக்கலம் இந்திரனிடமும் இருந்தது, அவன் தோற்றான். படைக்கலத்தோடு எந்தக் கை என்பதும் அங்கே கேள்வி.

வியப்பு என்னவெனில், அரை நூற்றாண்டில் விளையாட்டே இக்கேள்வியை நோக்கி மெல்ல நகர்ந்திருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு வரை ஆசி பெற்ற அம்பே ராட்சசனுக்கு எமன். 2003இன் திருத்தத்தில் அவ்வம்பு நீங்கி, நன்மையின் ஆற்றல் ஏறிய கூர்முனை ஆயுதம் என்றாயிற்று. 2014இன் ஐந்தாம் பதிப்பில், நல்லவர் ஒருவர் ஏந்திய மந்திரக் கூர்முனை ஆயுதம் இருமடங்கு தாக்கும் என்று ஆயிற்று. ஏந்துபவர் யார் என்பது முதன்முறையாக விதிக்குள் வந்தது. 2025இல் வெளியான புதிய தொகுதியில் சாதாரண ஆயுதம் பலிக்காது என்னும் பழைய விதி கைவிடப்பட்டது. ஆசி பெற வேண்டியது இப்போது அம்பு அன்று, ஆயுதம் ஏந்துபவர்.

இதனை வெறும் விதித்திருத்தம் என்று கடந்துவிட இயலவில்லை. மாணவர் சொன்ன ஒரு செய்தி இதற்குக் காரணம். அவர்கள் ஆடிய ஒரு மாலையில் மந்திர வாள் இருந்தவர் ஒருவரே. மற்ற மூவரும் இரண்டு மணி நேரம் பகடை உருட்டிப் பயனின்றி அமர்ந்திருந்தனராம். அரக்கனின் வரம் அரக்கனை மட்டும் காப்பதில்லை; யார் விளையாடலாம், யார் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் எந்தக் கை எதைத் தொடலாம் என்று வகுத்த பட்டியல்கள் நெடுங்காலம் இருந்தன. தோலைத் தொட்டுப் பதனிட்ட கைகளை ஒதுக்கிவைத்த சமூகம், அக்கைகள் செய்த காலணியை அணியத் தயங்கியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் வாழ்கிறவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவன் கையால் ஒன்றும் ஆகாது என்று எழுதும் எந்தப் பட்டியலையும் நான் ஐயத்தோடு படிப்பது அதனால்தான்.

அப்படியானால் அரக்கனுக்கு வரமே வேண்டாவா? வேண்டும். வரமில்லாத அரக்கன் உயிர்ப்புள்ளிகளின் மூட்டை. அடித்துக்கொண்டே இருந்தால் முடிந்துவிடும். ஆனால் மோதலை வகுப்பவர் படுகளத்தில் கற்றுக்கொள்ள மூன்று செய்திகள் உண்டு. ஒன்று, பலவீனம் முன்பே கதைக்குள் ஊன்றப்பட்டிருக்கிறது. தொடையை உடைப்பேன் என்ற வீமனின் சூள் சூதாட்ட அவையிலேயே ஒலித்துவிடுகிறது. இரண்டு, போர்க்களத்தில் தடுமாறும்போது குறிப்பு கிடைக்கிறது. வியாசரில் கண்ணன் சொற்கேட்ட அருச்சுனன் தன் இடத்தொடையைத் தட்டிக் காட்டுகிறான். கையில் கதை இல்லாத அவனுக்கும் அப்போரில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. மூன்று, திறவுகோலுக்கு விலை உண்டு. கொப்பூழுக்குக் கீழே அடிப்பது கதைப்போர் அறத்துக்கு மாறு. பலராமன் சினந்து எழுகிறான். வென்றவன் தலைகுனிந்து வெல்கிறான்.

இம்மூன்றும் இருந்தால் வரம் ஒரு புதிர். இல்லையேல் வெறும் சுவர். மாணவரிடம் இவ்வளவும் சொன்னேன். அடுத்த ஆட்டத்தை நடத்துவது தம் முறை என்றும், மந்திர வாள் இல்லாதவனே வீழ்த்தக்கூடிய ஓர் அரக்கனை வைக்கப்போவதாகவும் சொன்னார். அவன் எதை வரமாகக் கேட்டான் என்று வினவினேன். "அதைவிட, யாரைக் கேட்காமல் விட்டான் என்பதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன், ஐயா" என்றார்.

படுகளம் முடிந்தபின் துரியோதனனின் உடலிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பலர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். வயிரம் என்று கதை சொன்ன உடல், அள்ளிய கைக்கு ஊர் மண்ணாகவே இருக்கிறது.