கை நடுக்கத்தின் கதை

நீல இன்ஹேலர் பயன்படுத்தும் ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கும் இது தெரிந்திருக்கும். ரெண்டு தடவை இழுத்தால் நெஞ்சு திறக்கும், கூடவே விரல் நடுங்கும், இதயம் படபடன்னு அடிச்சுக்கும். நானும் அந்தக் கட்சிதான். "அது அப்படித்தாங்க, கொஞ்ச நேரத்துல போயிடும்" என்பார்கள் மருத்துவர்கள். போயும் விடுகிறது. ஆனா ஏன் நடுங்குதுன்னு படிக்க ஆரம்பித்தவன், 200 வருஷத்துக்கும் மேல பின்னாடி போய், கடைசியில் நம்ம மெட்ராஸில் வந்து நின்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அதில் வளரும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்க முயன்ற அதே ஆண்டர்சன்தான். இளைப்பு நோய்க்கு ஊமத்தை வேரைக் காயவைத்துப் புகை பிடிக்கும் இந்த ஊர் வழக்கம், அவர் மூலமாக ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்குத் தெரிந்து, 1802-ல் பிரிட்டனுக்குப் போனது. அங்கே கிடைத்த ஊமத்தை வகையை வைத்து அதையே செய்து பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் 'ஆஸ்துமா சிகரெட்' விற்றது. மூச்சு முட்டுறவனுக்கு சிகரெட்! சிரிப்பு வருதுதானே? ஆனால் உள்ளே இருந்த சரக்கு நிஜம். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருட்கள் மூச்சுக்குழாயைத் தளர்த்தும்.

அதோட நாக்கு வறண்டு போகும், கண் மங்கும், அளவு கூடினால் பிதற்றல், உயிருக்கே ஆபத்து. ஊமத்தங்காய் விஷயம் நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. (தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணிப் பார்க்காதீங்க.) இன்றைக்கும் இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோப்பியம் அந்த அட்ரோபினின் திருத்தப்பட்ட வாரிசுதான். மூளைக்குப் போகாதபடி மாற்றிவிட்டார்கள். வாய் வறட்சியை மட்டும் முழுசா ஒழிக்க முடியவில்லை.

20-ஆம் நூற்றாண்டில் அட்ரினலின் வந்தது. முதலில் ஊசி, பிறகு ரப்பர் பந்தை அமுக்கித் தெளிக்கும் கண்ணாடிக் கருவி. 1940-களில் அதன் உறவுக்கார மருந்து ஐசோபிரனலின். எல்லாமே வேலை செய்தன, எல்லாமே இதயத்தைக் குதிரை மாதிரி ஓட வைத்தன. கண்ணாடிக் கருவி எளிதில் உடையும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனுக்கு ஆஸ்துமா உள்ள 13 வயது மகள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் போட்டால் என்ன என்று அவள் 1955-ல் கேட்டாளாம். அடுத்த வருஷமே, ஒரு அமுக்குக்கு இவ்வளவுதான் என்று அளந்து தரும் 'மெடிஹேலர்' சந்தைக்கு வந்துவிட்டது. சட்டைப்பைக்குள் அடங்கும் நிவாரணம்.

கதை இருட்டாவது இதற்கு அப்புறம்தான். 1960-களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளவயதினரின் ஆஸ்துமா மரணங்கள் ஏறின. 5 முதல் 34 வயதுக்குள் சுமார் மூன்று மடங்கு, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். ஐசோபிரனலின் இன்ஹேலர் அங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைத்த காலம் அது. 1967-ல் எச்சரிக்கை விடுத்தார்கள், அடுத்த வருஷம் சீட்டு கட்டாயம் ஆனது, மரணங்கள் இறங்கின. சுமார் ஐந்து மடங்கு வீரியமுள்ள 'ஃபோர்ட்' வகை விற்ற நாடுகளில்தான் இந்த ஏற்றம் பெரும்பாலும் இருந்தது என்று 1972-ல் பால் ஸ்டாலி எழுதினார். அந்த வகை விற்காத அமெரிக்காவில் இப்படி ஏறவில்லை.

கொன்றது எது? இதயத்தின் மேல் மருந்து காட்டிய வேகமா, அல்லது இன்ஹேலர் கையில் இருக்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதா? இன்னும் வாதம் ஓயவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைக்கிறது. படபடப்பு வந்தால் நமக்குத் தெரியும், புகார் சொல்வோம். 'இதோ சரியாயிடுச்சு' என்ற நிம்மதியை யாரும் பக்கவிளைவு என்று புகார் சொல்வதில்லை. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக்கிட்டே இருக்கும், மேலே நாம அமுக்கிக்கிட்டே இருப்போம்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். உடம்பில் அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களில் பீட்டா-1, பீட்டா-2 என இரண்டு வகை உண்டு என்று 1967-ல் தெளிவானது. இதயத்தில் பெரும்பாலும் முதல் வகை, மூச்சுக்குழாயில் இரண்டாவது. இங்கிலாந்தின் வேர் என்ற ஊரில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் ஆய்வகத்தில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான டேவிட் ஜாக்கின் குழு, இரண்டாவதை மட்டும் பெரும்பாலும் தொடும் சால்புடமாலை உருவாக்கியது. 1969-ல் 'வென்டோலின்' ஆக வந்த அதுதான் நம்ம நீல இன்ஹேலர். இதயம் ஓரளவு தப்பித்தது. ஆனா பாருங்க, கை கால் தசைகளிலும் பீட்டா-2 இருக்கிறது! ரத்தத்தில் கலந்த கொஞ்ச மருந்து அங்கே போய்த் தட்டும்போது விரல் ஆடுகிறது. ஆக, இதயத்தைக் காப்பாற்றப் போய்க் கிடைத்த மிச்சம் இது. தெரிந்த பிறகு எனக்கு நடுக்கத்தின் மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. :-)

இதே காலத்தில் இன்னொருத்தர், ரோஜர் ஆல்டூன்யன். ஆஸ்துமா உள்ள மருத்துவர். (ஆர்தர் ரான்சமின் சிறுவர் நாவலில் வரும் ரோஜர் இவர் பெயரில் பிறந்த பாத்திரம்தான்.) கெல்லா என்ற மத்தியதரைக்கடல் பகுதிச் செடியின் மருந்து குமட்டல் தந்ததால், அதன் மாற்று வடிவங்களைத் தேடினார். கினி எலியின் உதிர்வை முகர்ந்து தனக்குத் தானே இளைப்பை வரவழைத்து, ஒவ்வொரு மருந்தாகத் தன் மேலேயே வருஷக்கணக்கில் சோதித்தார். அதில் கிடைத்தது 1968-ல் விற்பனைக்கு வந்த குரோமோகிளிகேட். விமானம் ஓட்டியவர் என்பதால், பொடியை உள்ளே அனுப்ப ஒரு குட்டிச் சுழலியையும் கருவிக்குள் வைத்தார். பக்கவிளைவு ரொம்பக் குறைவு. பலனும் பலருக்குக் குறைவு என்பதால் அது மெல்ல ஒதுங்கிப் போச்சு.

வீக்கத்தையே குறைப்பது ஸ்டீராய்டுதான். மாத்திரையாக நீண்டகாலம் எடுத்தால் முகம் உப்பும், எலும்பு தேயும், பிள்ளைகள் வளர்த்தி குறையும். 1972-ல் அதையே மிகச் சின்ன அளவில் நேராக நுரையீரலுக்கு அனுப்பும் பெக்லோமெதசோன் இன்ஹேலர் வந்தது. மாத்திரையால் அவதிப்பட்ட பலர் அதிலிருந்து விடுபட்டார்கள். பதிலுக்கு வந்தவை குரல் கம்முவதும், வாயில் வெள்ளை படிவதும். பெரிய குழாய் போன்ற ஸ்பேசரை மாட்டி இழுத்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பாதித் தொல்லை குறையும். ஆனா இழுத்தவுடனே எதுவும் தெரியாது என்பதால் இதைத்தான் ஜனங்க முதலில் விடுறாங்க. குரல் போச்சுன்னு விட்டுட்டு நீலத்தை மட்டும் வச்சுக்கிட்ட பாட்டுக்காரர் ஒருத்தரை எனக்குத் தெரியும். மருத்துவரிடம் சொல்லி மருந்தையோ கருவியையோ மாற்றியிருக்கலாம்.

இங்கிலாந்தில் நடந்தது நியூசிலாந்தில் மறுபடி நடந்தது. 1976-ல் அங்கே ஃபெனோடெரால் வந்தது. ஒரு அமுக்கில் 200 மைக்ரோகிராம், சால்புடமாலில் 100. அதை ஒட்டி மரணங்கள் ஏறின. ஃபெனோடெராலுக்குத் தொடர்பு இருப்பதாக வெலிங்டனைச் சேர்ந்த கிரேன், பியர்ஸ், பீஸ்லி முதலானோர் 1989-ல் 'லான்செட்' இதழில் எழுதியபோது எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. மருந்தைக் கட்டுப்படுத்திய பிறகு மரணங்கள் சட்டென்று குறைந்தன.

அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் பீஸ்லியே 30 வருஷம் கழித்து, 2019-ல், இன்னொரு ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். லேசான ஆஸ்துமாக்காரர்கள் இளைப்பு வரும்போது நீலத்துக்குப் பதிலாக, ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை இழுத்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. கடும் இளைப்புகள் குறைந்தன. அதே வருஷம் உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா'வும், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலத்தை மட்டும் தனியாகத் தருவது கூடாது என்று மாற்றிக்கொண்டது. நிவாரணம் தேடி அமுக்கும்போதெல்லாம் வீக்கத்துக்கான மருந்தும் கூடவே போய்விடும், தனியா ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லை.

ஃபார்மோடெராலும் பீட்டா-2 குடும்பம்தான். அதனால சிலருக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.